வார்டை விட்டுப் பாலிகிளினிக் போகலாமா? பிசியோ வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

செங்காங்மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பொது மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக, அதாவது பிசியோவாக இருக்கிறேன். எஸ்ஐடியில் (சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில்) படித்து வந்தவள், இது ஐந்தாவது வருடம். முதல் மூன்று வருடம் சுழற்சியில் போனது: எலும்பு வார்டு, ஐசியூ, பக்கவாதம், ஒரு எட்டு மாதம் வெளிநோயாளர் பிரிவு. இப்போது வார்டிலேயே நிலைத்துவிட்டேன். முழங்கால் மாற்றிய மறுநாள் ஆளை எழுப்பி நடக்க வைப்பது, நெஞ்சுச் சளியை இளக்கி எடுப்பது, வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்த்துச் சொல்வது. பிடித்த வேலைதான்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன மாதம் இடுப்பெலும்பு முறிந்து ஒரு பாட்டி வந்தார். பார்த்த முகமாக இருக்கிறதே என்று பழைய குறிப்பைத் திறந்தால், இரண்டு வருடத்துக்கு முன் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்து எங்களிடம்தான் இருந்திருக்கிறார். நானே பார்த்திருக்கிறேன், என் கையெழுத்தே இருக்கிறது. மணிக்கட்டு சரியாகிவிட்டது. ஏன் விழுந்தார், காலில் பலம் இருக்கிறதா என்று அந்த இரண்டு வருடத்தில் யாரும் கேட்கவில்லை.

இப்போது பாலிகிளினிக் ஒன்றில், அதாவது பேட்டையில் இருக்கும் அரசு மருந்தகம் ஒன்றில், இடம் காலி என்று தெரிய வந்தது. தோழிகளிடம் கேட்டால் ஒருத்தி, "உடனே போ, சனி ஞாயிறு வீட்டில் இருக்கலாம்" என்கிறாள். இன்னொருத்தி, "முதுகுவலியும் முழங்கால் வலியும் பார்த்துப் பார்த்துக் கை மழுங்கிவிடும், திரும்பி வர முடியாது" என்கிறாள். அங்கே என்ன பயிற்சி கொடுக்கிறார்கள்? பதவி உயர்வு உண்டா? போனவர்கள் சொல்லுங்களேன்.

முட்டிக்காரன்:

மல்லி, நான் ஆறு வருடம் மருத்துவமனை, அப்புறம் பதினொரு வருடமாகப் பாலிகிளினிக். கை மழுங்கும் என்பது பாதி உண்மை. இன்று என்னை ஐசியூவில் விட்டால் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்ப்பேன். ஆனால் மழுங்குவது ஒரு கை, இன்னொன்று கூராகும். அது என்ன என்று உன் தோழிக்குத் தெரியவில்லை.

வார்டில் உனக்கு நோயாளி வரும்போது பெயர்ப்பலகையோடு வருவார். 'வலது முழங்கால் மாற்று, முதல் நாள்.' எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, அறுவை மருத்துவரின் குறிப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். இங்கே சீட்டில் 'முதுகுவலி, மூன்று மாதம்' என்று இருக்கும். அவ்வளவுதான். மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, மாத்திரை, அடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அங்கிள் திரும்பி, "டாக்டர், முதுகும் கொஞ்சம் வலிக்குது" என்பார். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். அந்த மருத்துவர் என்னை நம்பித்தான் அனுப்புகிறார்.

ஒரு ஆள், வயது நாற்பத்தாறு, லாரி ஓட்டுநர், தமிழர். நடந்துதான் வந்தார். முதுகில் ஆரம்பித்து இரண்டு காலுக்கும் வலி இறங்குகிறது. சிறுநீர், மலம் எல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் நார்மல் சார்." இங்கேதான் பலர் பெட்டியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். 'உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா' என்பதை ஆங்கிலத்தில் கேட்டால் அவருக்குப் புரியாது. பாடப்புத்தகத் தமிழில் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இல்லை என்பார். நான் கதவைச் சாத்திவிட்டு, "அண்ணே, கக்கூஸ் போயிட்டுக் கழுவும்போது கை படுறது தெரியுதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "ரெண்டு நாளா சரியாத் தெரியலை."

தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். பயிற்சி சொல்லிக் கொடுத்து ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பியிருந்தால் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் இறக்கச் செருகும் குழாயோடு இருந்திருக்கலாம். நேரே அவசரப் பிரிவு. அன்றைக்கே ஸ்கேன், இரவே அறுவை.

இப்படி ஒரு ஆள் வருடக்கணக்கில் ஒரு முறைதான் வருவார். மற்ற ஆயிரம் பேருக்கும் சாதாரண முதுகுவலிதான். பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். ஆயிரம் பேரிடமும் சலிக்காமல் கேட்டு, அவர்களை வீணாகப் பயமுறுத்தாமல், அந்த ஒருவரைத் தவறவிடாமல் இருப்பதுதான் இங்கே வேலை. உன் எட்டு மாத வெளிநோயாளர் அனுபவம் இதற்குக் கொஞ்சம் குறைவு. போவதற்கு முன் இன்னும் ஆறு மாதமாவது அந்தப் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்.

ஜேசி_அம்மா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் ஜேசியில் (ஜூனியர் காலேஜில்) இரண்டாம் ஆண்டு. மருத்துவம் கிடைக்காவிட்டால் பிசியோ என்கிறாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்று ஒரு வேலைக்குப் போகலாமா? அது கிடக்கட்டும். இதற்கு இங்கே எங்கே படிப்பது? பாலிகிளினிக் வேலைக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா?

முட்டிக்காரன்:

அக்கா, நான் படித்த காலத்தில் அங் மோ கியோவில் நன்யாங் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளோமா. பட்டம் வேண்டும் என்றவர்கள் டப்ளின் டிரினிட்டி கல்லூரியோடு சேர்ந்து எஸ்ஐடி நடத்திய ஒரு வருடப் படிப்புக்குப் போனோம். 2016 முதல் எஸ்ஐடியே நான்கு வருட ஹானர்ஸ் பட்டம் கொடுக்கிறது. இப்போது வளாகம் பொங்கோலில். நேர்முகத் தேர்வு உண்டு. "டாக்டர் கிடைக்காததால் வந்தேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். உபகாரச் சம்பளம் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் கொடுப்பதைப் பாருங்கள். படித்த பின் சில வருடம் கட்டாயம் வேலை செய்ய வேண்டும் என்று பாண்ட் இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படித்து முடித்தால் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான சட்டம் 2011-இல் வந்தது, பதிவு 2013-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் சேர்த்தது மூன்று தொழில்கள்தான்: நாங்கள், ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை), பேச்சுச் சிகிச்சை. பதிவும் நடப்புச் சான்றிதழும் இல்லாமல் இங்கே யாரும் நோயாளியைத் தொட முடியாது. சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

பாலிகிளினிக்குக்குத் தனிப் பட்டம் கிடையாது. அதில்தான் எனக்கு வருத்தம். அதைப் பற்றி மல்லிக்கு எழுதும்போது சொல்கிறேன்.

கோவைப்பையன்:

வணக்கம் அண்ணா. கோவையில் பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து இரண்டு வருடம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகச் சான்றிதழ். ஏஜெண்ட் ஒருவர், "சிங்கப்பூர் பாலிகிளினிக்கில் நேரடியாகச் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கொடு" என்கிறார். நம்பலாமா?

நேர்முதுகு:

தம்பி, பணம் கொடுக்காதே. முதலில் கவுன்சில் இணையத்தளத்தில் உன் பல்கலைக்கழகத் தகுதியை ஏற்கிறார்களா என்று நீயே பார். வெளிநாட்டில் படித்தவர் முதலில் இங்கே ஒரு வேலைவாய்ப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். வேலை கொடுப்பவர்தான் பதிவுக்கும் வேலை அனுமதிக்கும் வழி செய்வார். ஆரம்பத்தில் நிபந்தனைப் பதிவுதான் கிடைக்கும். அதாவது, பதிவுபெற்ற மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும், அவர் உன்னைப் பற்றி அறிக்கை எழுதுவார். இதில் ஏஜெண்ட் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. பொது மருத்துவமனைகளும் சமூக மருத்துவமனைகளும் தங்கள் இணையத்தளத்திலேயே விளம்பரம் போடுகின்றன. நேரே விண்ணப்பி.

இன்னொன்று. நான்கரை வருடப் படிப்பில் நீ எத்தனை நோயாளியைத் தனியாகப் பரிசோதித்து, என்ன பிரச்சினை என்று நீயே முடிவெடுத்து எழுதினாய் என்று கேட்பார்கள். "டாக்டர் எழுதிய ஐஎஃப்டி, வாக்ஸ் பாத் கொடுத்தேன்" என்று மின்சாரச் சிகிச்சையையும் மெழுகு ஒத்தடத்தையும் மட்டும் சொன்னால் நேர்முகத்திலேயே முடிந்தது. உன் கேஸ்களை இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதி வை.

மல்லிக்கு: நான் தனியார் கிளினிக் நடத்துகிறேன், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே கேளுங்கள். என்னிடம் வர மருத்துவர் சீட்டு வேண்டாம், முழு ஒரு மணி நேரம் பார்க்கிறேன். பாலிகிளினிக்கில் ஒரு தாளும் ஒரு ரப்பர் பட்டையும் கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். அதுவா சிகிச்சை? அங்கே போய் மனம் நொந்து என்னிடம் வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர்.

தோபாயோ_தாத்தா:

நான் பிசியோ இல்லை, முழங்காலைக் கொண்டுபோய்க் காட்டுகிறவன். வயது எழுபத்தொன்று. நேர்முதுகு தம்பி சொல்கிற தாளும் பட்டையும் என் வீட்டிலும் உண்டு. பட்டையால் பால்கனியில் துணிக்கொடி கட்டியிருக்கிறாள் என் மனைவி. தாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில். அதில் வரைந்திருந்த ஆளுக்கு என்னைவிட நாற்பது வயது குறைவு.

ஆனால் இரண்டாவது முறை வேறு ஒரு பெண் பார்த்தாள். தாளை எடுக்கவே இல்லை. "தாத்தா, நீங்க எங்கே போக முடியாம இருக்கீங்க?" என்று கேட்டாள். வீரமாகாளியம்மன் கோயிலில் கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றேன். அங்கேயே ஒரு பாயைப் போட்டு, எந்தக் காலை முன்னால் வைப்பது, எங்கே கையை ஊன்றுவது என்று பத்து முறை செய்ய வைத்தாள். எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கும்தான். இப்போது உட்காருகிறேன், எழுகிறேன். கொஞ்சம் முனகலோடு.

முட்டிக்காரன்:

தாத்தா, அந்தப் பெண் யாரென்று தெரிந்தால் சம்பளம் கூட்டச் சொல்லுவேன்.

நேர்முதுகு சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாதம் ஒரு முறை பார்ப்பது போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அதனாலேயே இங்கே வேறு ஒரு கைவேலை வளர்ந்தாக வேண்டியிருக்கிறது. என் கையில் இருப்பது அரை மணி நேரமும் அடுத்த வருகை வரைக்குமான நீண்ட இடைவெளியும். அந்த இடைவெளியில் அவர் வீட்டில் என்ன செய்யப்போகிறார் என்பதுதான் சிகிச்சை. முழங்கால் தேய்மானத்துக்குப் பயிற்சிதான் முதல் மருந்து என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம். மருந்தை விழுங்க வைப்பதுதான் கஷ்டம்.

ஈசூனில் ஒரு பாட்டி, எண்பதை நெருங்குகிறவர். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் முப்பது வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுவோம் இல்லையா? அவருக்கு நான்கு. தினமும் மூன்று வேளை பத்துப் பத்து என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தார், "செய்தேன்பா" என்றார். எண்ணினால் நான்கு. பொய் சொல்கிறார் என்று இருவருக்குமே தெரியும். அவர் மகளிடம் கேட்டேன், பாட்டி நாள் முழுக்க என்ன செய்வார்? வசந்தம் தொலைக்காட்சியில் தொடர் பார்ப்பார். சரி, விளம்பரம் வரும்போதெல்லாம் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம் என்றேன். மூன்று மாதத்தில் ஒன்பது. "விளம்பரம் ரொம்ப அதிகமாயிடுச்சுப்பா" என்று புகார் வேறு.

மல்லி, நீ சொன்ன மணிக்கட்டுப் பாட்டிக்கு நடுவில் தேவைப்பட்டது இதுதான்.

பனிமூட்டம்:

நான் இங்கிலாந்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு அப்பா உடம்புக்காகத் திரும்பி வந்தவன். கடைசி மூன்று வருடம் அங்கே குடும்ப மருத்துவர் கிளினிக்கில் ஃபர்ஸ்ட் கான்டாக்ட் பிராக்டிஷனர் வேலை. பிசியோ ஆரம்ப மருத்துவத்துக்குப் போவதற்குத் தனிப் பாதை என்று ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். இங்கே அது அப்படியே இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே முதுகு, கழுத்து, மூட்டு வலி என்று போன் செய்தால் வரவேற்பறையிலேயே மருத்துவருக்குப் பதில் என்னிடம் நேரம் கொடுத்துவிடுவார்கள். இருபது நிமிடம். நான் பார்த்து, என்ன பிரச்சினை என்று சொல்லி, என்ன செய்யலாம் என்று பேசி, தேவைப்பட்டால் ஸ்கேனுக்கோ நிபுணருக்கோ அனுப்ப வேண்டும். தொடர் சிகிச்சை என் வேலை அல்ல. அதற்கு வேறு பிசியோ பிரிவு. ஆரம்பத்தில் எனக்கு இது பைத்தியம் பிடிக்க வைத்தது. கையை வைத்து எதையாவது சரிசெய்து பழகியவனுக்கு, இருபது நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டு ஆளை விடுவது வேலையாகவே தோன்றவில்லை.

2019-இல் மருத்துவர் கிளினிக்குகளைச் சேர்த்துப் பிரைமரி கேர் நெட்வொர்க் அமைத்தபோது, மருத்துவர் அல்லாதவர்களை எடுத்தால் சம்பளத்தை அரசே திருப்பித் தரும் என்று ஒரு திட்டமும் போட்டார்கள். அடுத்த வருடம் அதில் பிசியோவும் சேர்ந்தது. ஆள் வேட்டை தொடங்கியது. நேற்று சீனியர் ஆனவரெல்லாம் கிளினிக்கில் தனியறையில். பயந்துபோய் 2020-இல் ஒரு வழிகாட்டுப் பாதை வெளியிட்டார்கள், 'ரோட்மேப்' என்போம். இரண்டு கட்டம். முதல் கட்டத்தில், கிளினிக்கில் காலடி வைப்பதற்கு முன்பே, முதுநிலை மட்டத்தில் அறிவு இருக்கிறது என்று ஆதாரம் சேர்த்துக் காட்ட வேண்டும்: அபாய அறிகுறிகள், மருந்துகள், ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பது, மனநலம், பல நோய் உள்ள ஆளின் மூட்டுவலி. இரண்டாம் கட்டம் வேலையில் இருந்துகொண்டே: மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து நான் நோயாளியைப் பார்ப்பதைப் பார்ப்பார், கேஸ் ஒன்றை எடுத்துக் குடைவார், கையெழுத்துப் போடுவார். அதற்கு மேலே போனால் அட்வான்ஸ்டு பிராக்டிஸ் என்ற உயர்நிலை, அதற்கு நான்கு தூண்: சிகிச்சை, தலைமை, கற்பித்தல், ஆய்வு.

சட்டமும் துணை நின்றது. 2013 முதல் கூடுதல் படிப்பு படித்த பிசியோ தானே மருந்து எழுதலாம். 2022 ஜூலை முதல் வேலைக்கான மருத்துவச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடலாம்.

என் மேற்பார்வையாளர் ஒரு வயதான குடும்ப மருத்துவர். வாரத்தில் ஒரு மதியம், "இந்த வாரம் எந்த நோயாளி உன்னைத் தூங்கவிடவில்லை?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் எடுத்துப் போன கேஸ்களில் கற்றதுதான் அதிகம். முதுநிலைப் படிப்பு அப்புறம்தான்.

நேர்முதுகு:

அந்தச் சான்றிதழ் விஷயம்! இங்கே எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், கொடுக்க மருத்துவரோ பல் மருத்துவரோதான் வேண்டும். நாம் கொடுப்பது டைம் சிட், சிகிச்சைக்கு வந்து போன நேரத்தைக் காட்டும் சீட்டு மட்டும். காலை முழுக்க என்னிடம் சிகிச்சை எடுத்துவிட்டு எம்சிக்காக மட்டும் கீழ்த்தள கிளினிக்கில் நாற்பது நிமிடம் உட்காருபவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த மருத்துவருக்கும் எரிச்சல்.

முட்டிக்காரன்:

எம்சி பற்றிப் பேசினால் இன்னொரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. கட்டுமானத்தில், கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நம் ஊர்ப் பையன்கள். எங்களிடம் அவ்வளவாக வருவதில்லை, அவர்களுக்கென்று தனி மருத்துவ மையங்கள் இருக்கின்றன. மருத்துவமனையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். வலி பத்துக்கு எத்தனை என்றால், "பரவாயில்லை சார்." பரவாயில்லை என்பது எத்தனை மார்க்? குனியச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைத் தொட்டுக் காட்டுவான். லைட் டியூட்டி என்று எழுதினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அவனிடம் "என்ன மூட்டை, எவ்வளவு உயரம், எத்தனை மாடி" என்று வேலையைப் பற்றிக் கேட்டால்தான் வலி வெளியே வரும். தமிழ் தெரிந்த பிசியோவுக்கு இந்த ஊரில் இருக்கும் மதிப்பு எந்தத் தகுதிச் சட்டகத்திலும் எழுதியிருக்காது.

சரி, பனிமூட்டம் சொன்னதற்கு வருகிறேன். தனிப் பட்டம் இல்லாதது எனக்கு வருத்தம் என்றேன் அல்லவா, காரணம் இதுதான். நமக்கும் பிரைமரி கேர் நெட்வொர்க் 2018-இல் வந்தது. பெயர் ஒன்று, உள்ளே வேறு. தனியார் குடும்ப மருத்துவர்கள் சேர்ந்துகொண்டு செவிலியர், ஒருங்கிணைப்பாளர் என்று பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. சர்க்கரை நோயாளியின் கண், பாதம் பார்ப்பதுதான் அதன் உயிர்நாடி. அதனால் ஆரம்ப மருத்துவத்தில் பிசியோ வேலை என்றால் இங்கே பெரும்பாலும் பாலிகிளினிக்தான். கிழக்கே சிங்ஹெல்த், நடுவிலும் வடக்கிலும் என்எச்ஜி, மேற்கே என்யுபி என்று மூன்று குழுமம். 2030-க்குள் முப்பத்திரண்டு பாலிகிளினிக் ஆக்குவது என்பது திட்டம். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கி, முதலில் அறுபது வயதுக்காரர்கள், அப்புறம் நாற்பது வயதுக்காரர்கள் என்று ஒரு குடும்ப மருத்துவரிடம் பதியச் சொன்னார்கள். 2030-இல் நால்வரில் ஒரு குடிமகன் அறுபத்தைந்தைத் தாண்டியிருப்பார். எழுந்து உட்காரச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும், அதில் சந்தேகமில்லை.

பதவி ஏணி மருத்துவமனையில் இருப்பதுதான் இங்கேயும்: பிசியோ, சீனியர், பிரின்சிபல், சீனியர் பிரின்சிபல். பிரின்சிபல் ஆகும் இடத்தில் சிகிச்சை, கற்பித்தல், ஆய்வு, நிர்வாகம் என்று பிரியும். தாளில் ஒன்றேதான். நடப்பில், மருத்துவமனையில் முப்பது நாற்பது பேர் இருக்கும் துறை. பாலிகிளினிக்கில் ஒரு கட்டடத்துக்கு விரல் விட்டு எண்ணலாம். மேலே போகும் இடங்கள் குறைவு, போனாலும் பல கிளினிக்குகளுக்குச் சேர்த்து ஓட வேண்டியிருக்கும். சிகிச்சைப் பாதையில் பிரின்சிபல் ஆக நினைத்தால் ஒரு முதுநிலைப் பட்டம் கையில் இருப்பது நல்லது. நம்மவர்கள் பெர்த் கர்ட்டின், பிரிஸ்பேன் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகங்கள் என்று ஆஸ்திரேலியா போகிறார்கள். அதற்கும் உபகாரச் சம்பளம் உண்டு, அதற்கும் பாண்ட்.

நேரம் நல்ல நேரம்தான். ஞாயிறும் பொது விடுமுறையும் மூடல், சனிக்கிழமை மதியத்தோடு சரி. ஆனால் அதற்காக மட்டும் வந்தவர்கள் இரண்டு வருடத்தில் சலித்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

என் சொந்தக் கதை ஒன்று. நான் முதலில் சேர்ந்த இடத்தில், பெயர் வேண்டாம், முதல் வாரமே தனியறை கொடுத்துவிட்டார்கள். "மருத்துவமனையில் ஆறு வருடம் இருந்தவர்தானே." மூத்தவர் வேறு கட்டடத்தில். தோள்பட்டை இறுக்கம் என்று ஒரு அம்மாவை நான்கு மாதம் பார்த்தேன். புடவை ரவிக்கையின் பின் கொக்கி போட முடியவில்லை என்று வந்தவர். நான் கையை இழுக்க இழுக்க வலி கூடியது. அவர் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தது, மூன்று மாத சராசரி பதினொன்றைத் தாண்டியிருந்தது. எண் என் கணினியிலேயே இருந்தது, நான் திறந்து பார்க்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நோய் அதிகம், மெதுவாகத்தான் விடும், வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் இழுக்கக் கூடாது. எல்லாம் படித்ததுதான். யாராவது ஒருவர் என் கேஸ்களை மாதம் ஒரு முறை கேட்டிருந்தால் இரண்டாவது வாரமே பிடித்திருப்பார். அந்த அம்மா கடைசி வரை எனக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் மல்லி, நேர்முகத்தில் சம்பளத்துக்கு முன்னால் ஒன்றைக் கேள். முதல் ஆறு மாதம் என் கேஸை யார் பார்ப்பார், வாரத்தில் எந்த நேரம், அந்த நேரத்துக்கு நோயாளி போட மாட்டீர்களா? "எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்" என்று பதில் வந்தால், யாரும் இல்லை என்று அர்த்தம்.

கோவைப்பையன்:

நன்றி அண்ணா. ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கவில்லை. நோட்டு வாங்கிவிட்டேன். நேற்று ஒரு கேஸ் எழுதினேன், எழுதி முடித்த பிறகுதான் அவரிடம் இரவில் வலி எழுப்புகிறதா என்று கேட்கவே இல்லை என்று தெரிந்தது. இன்று வரச் சொல்லியிருக்கிறேன்.

செங்காங்மல்லி:

மன்னிக்கவும், ஏழு வாரமாக வர முடியவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

முட்டிக்காரன் அண்ணே, நேர்முகம் போனேன். நீங்கள் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அதில் மூத்தவர், "புதன்கிழமை மதியம் இரண்டு மணி. அந்த நேரத்துக்கு யாரையும் பதிய மாட்டோம். போன வருடம் வரை அப்படி இல்லை, இரண்டு பேர் விட்டுப் போன பிறகுதான் வைத்தோம்" என்றார். அந்த உண்மையே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன்; அதுவரை காத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இடுப்பெலும்புப் பாட்டி சமூக மருத்துவமனைக்குப் போய், இப்போது வீட்டில். அவர் புளோக்குக்குக் கீழேயே, முதியவர்கள் கூடிப் பழகும் துடிப்பான மூப்படைதல் நிலையம் இருக்கிறது. பேத்தியிடம் அங்கே சேர்க்கச் சொன்னேன். பாட்டி வர மாட்டேன் என்கிறாராம். எல்லோரும் சீனத்தில் பேசுகிறார்கள், நான் போய் என்ன செய்வது என்கிறாராம். தொடரும் பார்ப்பதில்லை. வானொலிதான், ஒலி 96.8, காலையிலிருந்து ராத்திரி வரை. பாட்டு முடியும்போதெல்லாம் மூன்று முறை எழுந்து உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

தோபாயோ_தாத்தா:

வாழ்த்துகள் அம்மா. பாட்டியிடம் செய்தி வாசிக்கும்போது உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம் என்று சொல்லிவிடு. எந்தப் பாலிகிளினிக் என்று மட்டும் இங்கே எழுதாதே. ஏற்கெனவே வரிசை நீளம்.